சூனியக்காரிக்கு யார் பேசுவது?

என் செல்ல மகளுக்கு,

நீ எத்தனையோ முறை கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதே. தொண்டையில் ஒரு சின்ன வேலை நடந்தது. தையல் பிரித்தாயிற்று. சாப்பிடுகிறேன், நடக்கிறேன். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

சூனியக்காரி படமென்றால் உனக்கு உயிர். நான் டப்பிங் பேசியதெல்லாம் இளவரசிகளுக்கு. "உன் இளவரசி எப்பப் பாத்தாலும் அழுதுட்டே இருக்காம்மா. சூனியக்காரிதான் உருப்படியா ஏதாவது செய்யறா" என்பாய்.

இப்போது என் குரல் தகரத்தில் ஆணியால் கீறியது போல் இருக்கிறது. போன வாரம் ஸ்டுடியோவுக்குப் போனேன். டப்பிங் இயக்குநர் தரையைப் பார்த்துக்கொண்டே, "இளவரசிக்கு வேற பொண்ணு பேசுதுக்கா. நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்றார்.

"சரி. சூனியக்காரிக்கு யாரு?"

அவர் பதில் சொல்வதற்குள் மைக் முன்னால் போய் நின்றுவிட்டேன். திரையில் அவள் ஊரையே சபித்துக்கொண்டிருந்தாள். முதல் வரியில் மூச்சு முட்டியது. இரண்டாவது வரியில் பிடித்துவிட்டேன். நான் நடிக்கவே இல்லையடி. படுக்கையில் கிடந்தபோது யாரிடமும் காட்டாத கோபமெல்லாம் தானாக வந்தது. சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "புல்லரிக்குதுக்கா" என்று கையைத் தேய்த்துக்கொண்டார்.

அந்தப் பாத்திரம் எனக்குத்தான். இனித் திங்கட்கிழமைகளில் ஆஸ்பத்திரி, மற்ற நாட்களில் ஸ்டுடியோ. நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே.

கிளம்பும்போது இயக்குநர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ரெண்டாம் பாகத்துலயும் அவ வர்றாக்கா. ஆனா அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்."

"எடுக்கட்டும். நான் இருப்பேன்" என்றேன்.

உன் அம்மா