பதினாறாவது பெயர்

யூன் 9, திங்கள்

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று. மைதானம் முழுக்கப் புழுதி. வாய்க்குள், கண்ணுக்குள், தண்ணீர்ப் போத்தலுக்குள். கோல் காக்கிற என் கால் பாட்ஸ் இரண்டையும் கழுவி வெயிலில் வைத்தேன். காய்வதற்குள் திரும்பவும் செம்மண் நிறம்.

செய்ய வேண்டியது: பௌதிகவியல் பயிற்சி (இரண்டு கிழமைப் பாக்கி). கையுறை தைக்க. முடி வெட்ட. பதினாறாவது பெயர்.

கடைசியானதுதான் பெரிய வேலை. மாகாணப் போட்டிக்குப் பதினாறு பேர் போகலாம். பதினைந்து பேரைப் பயிற்சி தருகிற மிஸ் தெரிவு செய்வார். பதினாறாவது பெயரைக் கப்டன் சொல்வது எங்கள் கல்லூரி வழக்கம். இந்த வருடம் கப்டன் நான். யார் தொடக்கிவைத்ததோ தெரியாது, ஆளைக் கண்டால் நல்ல கேள்வி நாலு கேட்பேன். எல்லாக் கப்டன்மாரும் அதைத் தங்கள் கூட்டாளிக்குத்தான் கொடுத்தார்கள். போன வருடத்து அக்கா தன் மச்சாளுக்குக் கொடுத்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த முறை அபிக்கு என்று எல்லோருக்கும் நினைப்பு. அபிக்கும். அபியின் அம்மாவுக்கும், அதாவது என் பெரியம்மாவுக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாக ஹொக்கி. அரியாலையிலிருந்து ஒன்றாகச் சைக்கிள். அவளுக்கும் எனக்கும் இது கடைசி வருடம்.

சப்பாத்துக் கழற்றும்போது கேட்டாள். "சனிக்கிழமைக்கு நான் நீலச் சப்பாத்தோ வெள்ளையோ போட?"

"எது காலைக் கடிக்காதோ அதைப் போடு."



யூன் 11, புதன்

காற்று குறையவில்லை. பௌதிகவியல் தொடவில்லை.

லக்சிகாவைப் பற்றி எழுதவேண்டும். (இனி ல. பெயர் நீளம், எனக்குக் கை நோகுது.) அச்சுவேலிப் பக்கம். உயர்தரத்துக்குத்தான் எங்களிடம் வந்தவள். பழைய பள்ளிக்கூடத்தில் ஹொக்கி இல்லை, வலைப்பந்துதான். வந்த முதல் கிழமையே மைதானத்து ஓரத்தில் வந்து நின்றாள். ஒருவரும் கூப்பிடவில்லை.

மிஸ் சொன்னார், "ரீம் நிறைஞ்சுபோச்சு பிள்ளை."

"சும்மா நிக்கலாமோ மிஸ்?"

"நிண்டு என்ன செய்யப்போறாய்?"

"பந்து பொறுக்குவன்."

இப்படித் தாங்களாகவே வந்து சேர்ந்தவர்கள் இப்போது ஐந்து பேர். எங்களுக்குள் அவர்களை 'வந்த ஆக்கள்' என்போம். ஜேர்சி கிடையாது. இலக்கம் கிடையாது. கல்லூரி மலரில் படம் கிடையாது. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் எங்களுக்குப் பயிற்சியே கிடையாது. எதிர்க்கல்லூரி எப்படி விளையாடுகிறது என்று மிஸ் போனில் பார்த்து இவர்களுக்குப் பழக்குவார். இவர்கள் அந்தக் கல்லூரியாகவே மாறி எங்களோடு மோதுவார்கள். போன மாதம் ஒரே கிழமையில் இரண்டு கல்லூரியாக இருந்தார்கள், பாவங்கள். வலயப் போட்டியில் வென்றது நாங்கள். மாலையும் எங்களுக்கு. அவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இன்று அபிக்கு ரியூசன், வரவில்லை. எதிர்ப்பக்கம் கோர்னர் அடிக்கும்போது மறிக்க அபி ஓடுகிற இடத்தில் மிஸ் ல.வை விட்டார். நான் கண்டது கண்டதுதான். கோல் காப்பவள் எல்லோருடைய முதுகையும் பார்ப்பவள். அபி நன்றாகத்தான் புறப்படுவாள். ஆனால் எதிரே மட்டை உயர்ந்ததும் முகத்தைத் திருப்பிவிடுவாள், கால் மெதுவாகும். வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், எப்போதோ தெரியும். ல. ஒரு தரம்கூடத் திருப்பவில்லை.

சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்குக் கோர்னர் விளக்கினேன். உப்புப் போத்தல் எதிர்ப்பக்கத்தில் அடிக்கிறவள். ஐந்து கரண்டி நாங்கள், கோல் கோட்டுக்குப் பின்னால்.

"பந்து உள்ளை வந்த உடனை இந்தக் கரண்டி நேரை அவளிட்டை ஓடவேணும் அம்மா. அடியை மறிக்க."

"மேலிலை படாதே?"

"படும்."

"பிறகேன் ஓடுறாள்? விலத்தலாம்தானே."

"விலத்தினா எனக்குத்தான் அடி வரும்."

அம்மா அந்தக் கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் போட்டுவிட்டார். யாற்ரையோ பிள்ளை அடிபடக்கூடாதாம்.

யூன் 12, வியாழன்

சொல்லிவிட்டேன்.

விளையாட்டறை. எல்லோர் முன்னிலையிலும் எழும்பிச் சொல்லவேண்டும், அதுவும் வழக்கம். மிஸ் பதினைந்து பேரையும் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"லக்சிகா."

 "ஆரது?" என்று பின்னாலிருந்து யாரோ. அவ்வளவு காலம் தினமும் அவளோடு மோதியவள்தான் கேட்டாள், பெயர் தெரியாமல். எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறிவிட்டது. ல. தனக்குப் பின்னால் வேறு லக்சிகா நிற்கிறாளா என்று திரும்பிப் பார்த்தாள். அபி சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்தும் நிமிரவில்லை.

திரும்பி வரும்போது றெயில் கடவையில் தடை போட்டிருந்தது. இல்லாவிட்டால் அபி என்னோடு கதைத்திருக்கவே மாட்டாள்.

"எடி சிந்து, முதல் என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா?"

"எனக்கு வேண்டாமெண்டு நானே எல்லாருக்கும் முன்னாலை சொல்லியிருப்பன். எனக்கொரு மரியாதையா இருந்திருக்கும்."

தடை தூக்கியதும் மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.

அதை நான் யோசிக்கவே இல்லை. சரியான பெயரைச் சொல்லவேண்டும் என்பதிலேயே மண்டை முழுக்க. விசர் நான்.

பின்னேரம் பெரியம்மாவின் போன். அம்மாவுக்கு. "உன்ரை மகள் பெரிய ஆளாகிட்டாள்." அவ்வளவுதான், வைத்துவிட்டார். அம்மா என்னை ஏசவில்லை. பிளேன்ரீ ஊற்றித் தந்தார். அதற்குத்தான் அழுகை வந்தது.

இன்னொரு தரம் கேட்டாலும் அதே பெயரைத்தான் சொல்வேன். அபிக்கு நான் செய்தது பிழை. இரண்டும் உண்மை.

யூன் 14, சனி

கிளிநொச்சி. அனல். கல்லூரியில் மறந்து விட்டுவந்தவை: ஐஸ் பெட்டி, மிஸ்ஸின் குடை, என் தோடம்பழம்.

அரையிறுதி. 2-0. வென்றோம்!

ல.வை இரண்டாவது கால்பகுதியில் இறக்கினார் மிஸ். உடனே எங்களுக்கு ஒரு கோர்னர். அடிக்கப்போவது நாங்கள். ல. என்ன செய்தாள்? நேரே போய் எதிர்க்கல்லூரிப் பிள்ளைகளோடு அவர்களுடைய கோல் கோட்டுக்குப் பின்னால் வரிசையில் நின்றாள்! இவ்வளவு காலமும் பயிற்சியில் எங்கள் கோர்னரை மறிப்பதுதானே அவளுடைய வேலை. கால் தானாகப் போய்விட்டது.

மத்தியஸ்தர் எண்ணினார். ஐந்து பேர் நிற்கவேண்டிய இடத்தில் ஆறு. திரும்ப எண்ணினார். விசில்.

"தங்கச்சி, நீர் எந்தப் பக்கம்?"

எதிர்க்கல்லூரிப் பிள்ளைகளே சிரித்துவிட்டார்கள். மிஸ் தலையில் கை வைத்தார். நான் மற்றக் கரையில் தனியாக நின்று வயிறு நோகச் சிரித்தேன். அபியும் ஆதரவாளர் பஸ்ஸில் வந்திருந்தாள். என் கோலுக்குப் பின்னால் வேலிக்கரையில் நின்றாள். எனக்குக் கேட்கவேண்டும் என்றே பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள், "உதுக்குத்தான் என்னைக் கழிச்சு விட்டவ."

அதோடு என் சிரிப்பு நின்றுவிட்டது.

பஸ்ஸில் ல. பக்கத்தில் வந்து இருந்தாள். "அக்கா, நாளைக்கு என்னை இறக்காதேங்கோ. மானம் போகுது."

"நீ வாயை மூடிக்கொண்டு தோடம்பழம் தின்." (யாருடையதோ. எடுத்துக் கொடுத்தேன்.)

யூன் 15, ஞாயிறு

இறுதி. 1-0!!! கிண்ணம்!!!

ஒழுங்காக எழுதவேண்டும். 

கடைசிக் கால்பகுதி. நாங்கள் ஒன்று முன்னால். மிஸ் ல.வை இறக்கினார். முடிய ஒரு நிமிடமும் இல்லாதபோது அவர்களுக்குக் கோர்னர். நாங்கள் பந்து முகத்தில் படாமல் முகமூடி போட்டு வரிசையில் நிற்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஆனால் கோர்னர் முடியாமல் ஆட்டம் முடியாது. அடிக்கப்போவது அவர்களுடைய பன்னிரண்டாம் இலக்கம். அந்தப் பிள்ளையின் அடி எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும்.

ல. பாய்ந்து ஓடினாள். அடி. முழங்காலுக்குக் கீழே பட்டது, எனக்குக் கோல் கோடு வரைக்கும் சத்தம் கேட்டது. விழுந்தாள். காலில் பட்டதால் திரும்பவும் கோர்னர்.

"ஏலுமோடி?"

"ஏலும் அக்கா."

"பொய் சொல்லாதை."

"ஏலும். கேளுங்கோ, அவள் இடது தோளைப் பதிச்சா அடி நேரை வரும். பதிக்காட்டி உங்கடை வலக்கைப் பக்கம். நான் நேரை வாறதை மறிக்கிறன், நீங்கள் மற்றதைப் பாருங்கோ."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"இரண்டு கிழமையா நான்தானே அக்கா அவள்."

உண்மைதான். பயிற்சியில் பன்னிரண்டாம் இலக்கமாக இருந்தவள் இவள்தான்.

திரும்பவும் ஓடினாள், நொண்டிக்கொண்டு. நான் பார்த்தது அவளுடைய முதுகை மட்டும். முகம் திரும்பவில்லை. தோள் பதிந்தது, பந்து நேரே வந்தது, அவளுடைய மட்டையில் பட்டுக் கோலுக்கு முன்னாலுள்ள வட்டத்தைத் தாண்டி வெளியே ஓடியது. விசில்.

அவ்வளவு பாரத்தையும் கட்டிக்கொண்டு நான் அப்படி ஓடியதே இல்லை. அவளைத் தூக்கிவிட்டேன். என் ரீம் என்று இவ்வளவு நாளும் சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு. இன்றைக்குத்தான் நெஞ்சு நிறைந்து சொல்கிறேன். என் ரீம். பதினாறும், ஜேர்சி இல்லாத மற்ற நாலு பேரும்.

அபியைத் தேடினேன். ஆதரவாளர் பஸ் புறப்பட்டுவிட்டது.

யூன் 16, திங்கள்

காலைக் கூட்டத்தில் மாலை, கைதட்டல். அதிபர் பதினாறு பெயரையும் வாசித்தார். ஒலிவாங்கியை வாங்கி மற்ற நாலு பேரின் பெயரையும் நான் சொன்னேன். முன்பே அனுமதி கேட்கவில்லை. அதிபரின் முகம் கொஞ்சம் மாறியது, பிறகு அவரும் கைதட்டினார். மிஸ் எங்கேயோ மேலே பார்த்துக்கொண்டு நின்றார், வாய் ஓரத்தில் சிரிப்பு.

ல.வின் கால் வீங்கிவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை, ஒரு கிழமை ஓடக்கூடாது. அவளுடைய அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போனார். வெங்காயத் தோட்டத்து வாசம். போகும்போது என்னிடம், "தங்கச்சி, உவள் உண்மையா விளையாடினவளோ? பந்து பொறுக்கப் போறனெண்டுதான் வீட்டிலை சொன்னவள்."

"உண்மையா ஐயா. நல்லா விளையாடினவள்."

அவர் தன் தலைக்கவசத்தைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார்.

அபி கல்லூரிக்கு வந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. தனியாகச் சைக்கிள் மிதித்தேன். கிண்ணம் வென்றவளுக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்லை.

யூன் 18, புதன்

காற்று. அகில இலங்கைப் போட்டிக்குப் பயிற்சி தொடக்கம். பௌதிகவியல் முடித்தேன், அம்மாவுக்கு நம்பிக்கையில்லை.

ல. சாக்கில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரத்தில் இருந்தாள். வந்த ஆக்கள் நாலு பேராகிவிட்டார்கள், கோர்னர் அடிக்க ஆள் காணாது. மிஸ் யோசித்துக்கொண்டு நிற்க, அபி மட்டையோடு மைதானத்துக்குள் வந்தாள். வெள்ளைச் சப்பாத்து. ஒருவரும் கூப்பிடவில்லை.

மிஸ், "இது பழைய பதினாறு பேர்தான் பிள்ளை. மாத்தேலாது," என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

"ரீமுக்கில்லை மிஸ். சிந்துவுக்கு அடிக்க வந்தனான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முகமூடியை இழுத்துவிட்டேன். நல்லகாலம், முகமூடி இருந்தது.

முதலாவது அடி என் பாட்ஸில் பட்டுத் திரும்பியது. இரண்டாவது கம்பத்தில். அவள் மறிக்க ஓடும்போதுதான் பயந்தவள். அடிக்கும்போது ஒரு பயமும் இல்லை. இவ்வளவு வருடமும் நாங்கள் அவளைப் பின்னால் மறிக்க நிறுத்திவைத்திருந்தோம். மூன்றாவது என் இடது காலுக்கும் கம்பத்துக்கும் நடுவால் போய்ப் பலகையில் இடித்தது. கோல். ஓரத்திலிருந்து ல. ஒற்றைக்காலில் எழும்பிக் கைதட்டினாள்.

அபி பந்தை எடுக்க வந்தாள். வியாழக்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் என் முகத்துக்கு நேரே கதைத்தாள்.

"கண்ணை மூடிக்கொண்டோ நிண்டனி, கப்டன்?"

"இன்னொண்டு அடி," என்றேன்.