டேங்க் வாயில் போட்ட முடிச்சு

செவ்வாய். ஹட் பே. மழை இன்னும் விடவில்லை.

விடியும் முன் காக்கா, என் அண்ணன், போர்ட் பிளேரிலிருந்து போனில் கூப்பிட்டார். "வாப்பா மவுத்தாயிட்டாங்க தம்பி. காலைக் கப்பல்ல வந்துடு. சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் வச்சிருக்கோம்."

ஜீப்பை எடுத்தேன். நாலு கிலோமீட்டரில் எஞ்சின் அணைந்தது. டீசல் லைனில் காற்று புகுந்துவிட்டதென்று ஃபில்டரைக் கழற்றித் துடைத்தேன், கைப்பம்பை அடித்தேன். ஸ்டார்ட் ஆனது. கொஞ்ச தூரத்தில் மறுபடி அணைந்தது. மூன்று முறையும் அதையேதான் செய்தேன். துறைமுக ஜெட்டிக்குப் போனபோது கப்பல் தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. இன்றைக்கு வேறு கப்பல் இல்லை.

மெக்கானிக் முருகன் ஃபில்டரைத் தொடவே இல்லை. நேராக டேங்க் வாயைப் பார்த்தார். மூடி தொலைந்து ஒரு வாரமாகிறது. மெயின்லேண்டிலிருந்து புதியது வரும்வரை பாலித்தீனால் மூடி, சைக்கிள் டியூபால் நான்தான் கட்டியிருந்தேன். நேற்று மழை வலுத்ததும் இன்னும் இறுக்கினேன். ஒரு சொட்டு இறங்காது என்று எனக்கே பெருமை.

முருகன் அவிழ்த்ததும் டேங்க் புஸ்ஸென்று காற்றை இழுத்தது.

"இவ்ளோ டைட்டா கட்டுனா ஹவா எப்படி உள்ள போகும் பாய்? காத்து போனாத்தானே டீசல் வரும்?"

வழியில் ஒரு தடவை அதை அவிழ்த்திருந்தால் போதும்.

அஸருக்கு அடக்கிவிட்டார்கள். காக்காவிடம் வண்டி ரிப்பேர் என்றேன். முடிச்சைப் பற்றிச் சொல்லவில்லை.

வாப்பாவின் கப்ரில் மூன்று பிடி மண் போட்டிருக்க வேண்டிய கை இது. எத்தனை கழுவியும் டீசல் வாடைதான் வருகிறது.