செல்வியின் கைநாட்டு

பருத்திப்பட்டு, 1996 ஆகஸ்ட், வியாழன் இரவு

பக்கத்துத் தெரு செல்வியை இரண்டு நாளாகக் காணவில்லை. அவள் புருஷன் ஏழுமலை சாயங்காலம் மகள் கலாவோடு என் வாசலில் வந்து நின்றான்.

“செவ்வாக்கெழம சங்கத்துக்கு உங்க ஊட்டுக்கு வந்துகீறா. ஆபீஸ் நோட்டுல கைநாட்டு கீது. அப்பால எங்க போனாக்கா?”

அவள் வரவே இல்லை. அது என் பெருவிரல்.

எங்கள் மகளிர் சங்கத்துக்குக் கடன் கொடுக்கும் அறக்கட்டளைதான் கலாவுக்குப் பள்ளிக்கூட ஃபீஸும் கட்டுகிறது. தாய் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராவிட்டால் நிறுத்திவிடுவார்கள். செல்வி ஏற்கெனவே இரண்டுக்கு வரவில்லை. ஏதோ வேலையாக இருப்பாள், பாவம் என்று சங்கத்துத் தலைவியான நானே மையைத் தொட்டு வைத்துவிட்டேன்.

இன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கலாவைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை.

“வந்தா. ஆறு மணிக்கே கிளம்பிட்டா” என்றேன்.

“காலையில போலீஸ் டேசனுக்கு வந்து இதையே சொல்லுக்கா” என்று சொல்லிவிட்டு ஏழுமலை போனான். கலா மட்டும் நகரவில்லை.

“அம்மா எங்கிட்ட சொல்றதுக்கு எதுனா சொல்லிச்சா அத்தை?”

“நல்லாப் படிக்கச் சொன்னா.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எந்தப் பக்கமா போச்சு?”

என் கை தானாக ஏரிப் பக்கம் நீண்டுவிட்டது.

மணி பதினொன்று ஆகப் போகிறது. ஏரிக்கரையில் அந்தப் பெண் “அம்மா, அம்மா” என்று கூப்பிடுவது இங்கே வரை கேட்கிறது.