எக்ஸ்ட்ரா என்று நான் சொன்ன கிளிப்

அன்பு மச்சான் சேவியர்,

நீ இருக்கும் இடத்தில் சாலையெல்லாம் மேடுபள்ளம் இல்லாமல் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே ஈப்போவில் உன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒரு மாதமாக என் மானத்தை வாங்குகிறது.

நீ போனபின் அதை ஓட்டுவது உன் மகள் ஸ்டெல்லாதான். சின்ன மேடு ஏறினாலும் முன் சக்கரத்துப் பக்கம் டொக் டொக். "சக்கரம் கழண்டுக்குமோன்னு பயமா இருக்கு மாமா. சித்தியவான் டவுன்ல ஒருத்தர் காடிய வெலைக்கு கேக்குறாரு. சனிக்கிழமைக்குள்ள சத்தம் போகலன்னா குடுத்துடுறேன்" என்றாள். உன் காரை வேறொருவன் ஓட்டுவதா? பள்ளியில் படிவம் மூன்றோடு நின்றவன்தான், ஆனாலும் விடுவேனா?

சஸ்பென்ஷன்தான் என்று அடித்துச் சொன்னேன். சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயிண்டை மாற்றினோம். டொக் டொக். ரப்பர் புஷ்களை மாற்றினோம். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு ரப்பரைத் தெரியாதா என்று பட்டறை ரவியிடம் பெருமை வேறு. அவன் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அண்ணே, ரப்பர் புதுசு. சத்தம் பழசு லா."

வெள்ளிக்கிழமை மாலை ஸ்டெல்லாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினேன். முகத்தைத் தொங்கப்போட்டிருந்தாள். சிரிக்க வைக்கலாமே என்று உன்னைப்போல் ஓட்டிக் காட்டினேன். மேடு ஏறும்போதுகூட பிரேக்கை விடாமல், லேசாக மிதித்தபடியே ஏறி இறங்குவாயே, அப்படி. "பிரேக் பேட தேய்க்காத லா" என்று எத்தனை முறை திட்டியிருப்பேன்!

சத்தம் வரவில்லை, மச்சான்.

காலை எடுத்துவிட்டு ஏறினேன், டொக் டொக். மிதித்து ஏறினேன், அமைதி. மிதித்தால் பிரேக் பேட் இறுகி நிற்கிறது, விட்டால் ஆடுகிறது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பேடை ஆடாமல் பிடிக்கும் கிளிப்பைக் காணோம்.

காரின் பின்பெட்டியில் நீ வைத்திருந்த பிஸ்கட் டின்னில் அது கிடந்தது. என் வீட்டு வாசலில் நாம் இருவரும் பேட் மாற்றிய அன்று, "இது எங்க போவும் மச்சான்?" என்று நீ கேட்டாய். பெரிய இன்ஜினியர்போல நான் சொன்னேன்: "அது எக்ஸ்ட்ரா லா."

மறைத்திருக்கலாம். ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன்.

"அப்பா நம்பிட்டாரா மாமா?"

"நம்பிட்டான்மா. பத்திரமா டின்ல வேற போட்டு வெச்சிருக்கான்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உன்னை அடக்கம் செய்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கிளிப்பை மாட்டியதும் மூன்று மேடுகளில் காலை எடுத்தே ஏறினாள். பிறகு போனை எடுத்தாள். "சாரி அங்கிள், காடி விக்கல."

ஒன்று கேட்கட்டுமா? நீ பிரேக்கை விடாமல் ஓட்டியது வெறும் பழக்கமா? இல்லை, சத்தம் யாரால் என்று தெரிந்தும், என் காதில் விழக்கூடாது என்று மிதித்துக்கொண்டே இருந்தாயா? அத்தனை திட்டுக்கும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாமே, பாவி.

அந்த டின்னில் இன்னும் இரண்டு திருகாணி கிடக்கிறது. அவை எங்கே போகும் என்று கண்டுபிடிக்கும்வரை, சத்தியமாக, எதையும் எக்ஸ்ட்ரா என்று சொல்லமாட்டேன்.

உன் மகளுக்கு மாமன்,
உனக்கு என்றும் மச்சான்,
குணா