பெயர் கழுவிப்போன இருபத்து மூன்று தொட்டிகள்

முவைலா, ஷார்ஜா
2.11.2007, வெள்ளி

என் அன்பு மகள் நாகஜோதிக்கு அப்பா எழுதுவது. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அய்யனாரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். நான் உடம்பால் சுகம், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் ரூமில் எட்டுப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள், கார்டும் பாதிப் பேச்சில் தீர்ந்துபோகும். நேற்று அம்மாவிடம் பேசினேன். சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறாளாம், மாத்திரையிலும் சிக்கனம் பிடிக்கிறவளை என்ன செய்வது, நீ ஒரு அதட்டல் போடு, நான் சொன்னால் சிரிக்கிறாள். இந்தக் கடிதத்தில் இருப்பது மட்டும் அவள் காதுக்குப் போக வேண்டாம். தெரிந்தால் தூக்கம் போய்விடும் அவளுக்கு.

வில்லா மேடம் மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து செடி கொண்டுவந்தார்கள் என்று சொன்னேன் இல்லையா, ஹோஸ்டா என்று. அவர்களுடைய அம்மா தவறிப்போய், அந்த வீட்டுத் தோட்டத்தில் இருந்ததைப் பெயர்த்து, மண்ணைக் கழுவி, வேரை மட்டும் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். இருபத்து மூன்று வேர், இருபத்து மூன்றும் வேறு வேறு வகை. பார்க்கச் சேம்பு மாதிரி இருக்கும், தண்டு கிடையாது, தரையிலிருந்தே இலை. இந்த ஊர் வெயிலைக் காட்டினால் அரை நாளில் வெந்துவிடும், அதனால் அதற்கென்று ஒரு கண்ணாடி அறை, எந்நேரமும் ஏசி. எங்கள் ரூம் ஏசி ரிப்பேராகி மூன்று வாரம் ஆகிறது, நான் இங்கே வேர்த்துக் கிடக்கிறேன், செடி அங்கே சொகுசாக இருக்கிறது, இருக்கட்டும். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை செருகியிருக்கும், அதில் பென்சிலில் அந்த வகையின் பெயர். எல்லாம் மேடத்தின் அம்மா தன் கையால் எழுதியது. மேடத்துக்குச் செடிமேல் ஆசை உண்டே தவிர எது எந்த வகை என்று தெரியாது, பட்டையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். செப்டம்பரில் அந்த வீட்டை விற்கிற வேலைக்காக மறுபடி ஊருக்குப் போனார்கள், போகும்போது என்னிடம்தான் சாவியைக் கொடுத்தார்கள்.

ஆயுத பூஜை வந்தது. அந்த நாளில் மண்வெட்டி, கத்தரி, ஹோஸ் பைப்பு எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பது என் வழக்கம், எந்த நாட்டில் இருந்தாலும் விட்டதில்லை. அன்றைக்குப் பார்க்கிறேன், பட்டைகள் பாசி பிடித்து அழுக்காக இருந்தன. செடியோடு இருப்பதும் ஆயுதந்தானே என்று என் புத்திக்குத் தோன்றியது, வரிசை மாறாமல் எடுத்து, சோப்புத் தூளில் ஊறப்போட்டு, பாத்திரம் தேய்க்கிற நாரால் நன்றாகத் தேய்த்தேன் தாயி. பெருமையாகத் தேய்த்தேன். காயவைத்து ஒவ்வொன்றிலும் பொட்டு வைக்கும்போதுதான் பார்த்தேன், எல்லாம் வெறும் வெள்ளையாக இருந்தன. நாலாம் வகுப்போடு நின்றவனுக்குப் பென்சில் எழுத்து அழியும் என்று கூடவா தெரியாது. வெயிலில் சாய்த்துப் பார்த்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு கோடு தெரியவில்லை.

டிரைவர் சேகு முகம்மதுவிடம் சொன்னேன், கீழக்கரைக்காரர், நல்ல மனிதர், இங்கிலீஷ் படிப்பார். அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று புரிந்தது. மார்ச்சில் தொட்டியில் வைக்கும்போது அவர்தான் பெயர்களைச் சத்தமாகப் படித்துச் சிரித்தாராம். அதில் ஒன்றில் ஹெலன் என்று இருந்ததாம். ஹெலன் என்பது மேடத்தின் பெயர். கேட்டதற்கு, அது அம்மா விதை போட்டு எடுத்த செடி, கடையில் கிடையாது, வேறு யார் தோட்டத்திலும் கிடையாது, அதற்கு என் பெயரை வைத்தார்கள் என்று மேடம் சொன்னார்களாம். எந்தத் தொட்டி என்று அவருக்கும் ஞாபகம் இல்லை, எனக்கும் இல்லை, நான் அப்போது மண் கலந்துகொண்டிருந்தேன். விற்ற வீட்டின் தோட்டத்தையும் கார் நிறுத்த வழித்துப் போட்டுவிட்டார்களாம். இனி உலகத்திலேயே அந்தச் செடி ஒன்றுதான், அது என் எதிரில்தான் இருக்கிறது, எது என்றுதான் தெரியவில்லை.

சேகு முகம்மது இதற்கா அண்ணே கலங்குறீங்க, நல்லா தளதளன்னு இருக்கிற ஒண்ணைப் பார்த்து ஹெலன்னு எழுதிச் செருகுங்க, கலாஸ், அத்தோட முடிஞ்சுது, யாருக்குத் தெரியப்போவுது என்கிறார். புதன்கிழமைதோறும் மேடம் அவருக்குப் போன் செய்வார்கள். இந்தப் புதன் ஹெலன் எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறார்கள், இவர் வெரி குட் மேடம் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமோ, விசாவைக் கேன்சல் செய்து அனுப்பிவிடுவார்களோ என்று பயம். இத்தனை வருஷத்தில் ஒரு பொய்க்குத் துணை நின்று பழக்கமில்லை, அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அதனால் உன்னிடம் வருகிறேன். ரூமில் இருக்கிற பாலகுரு இன்றைக்கு லீவில் திருச்சி போகிறான், இந்தக் கவரை அவன் இறங்கியதும் கூரியரில் போடுவான். தொட்டிக்கு ஒன்றாக இலை கிள்ளி, பேப்பரில் வைத்து அழுத்தி, நம்பர் போட்டிருக்கிறேன். சேகு முகம்மது போனில் எடுத்த படங்களும் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். படத்தில் தெரியாதது சில சொல்கிறேன், குறித்துக்கொள். நாலாம் நம்பர் இலையில் கருப்புத் திராட்சை மேல் இருக்கிற மாதிரி ஒரு சாம்பல் பூச்சு, தொட்டால் விரலோடு வந்துவிடும். ஒன்பது பாவாடைக் கொசுவம் போல ஓரம் நெளிந்தது. பதினோராம் நம்பர் ஆகஸ்டில் வெள்ளையாகப் பூத்தது, அறை முழுக்க வாசனை, மற்றதெல்லாம் ஊதாப் பூ, வாசனை இல்லை. பதினேழுக்கு இலைக்காம்பின் அடியில் சிவப்புப் புள்ளி. உன் காலேஜ் லைப்ரரியிலும் கம்ப்யூட்டரிலும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார். எதற்கெல்லாம் பெயர் கிடைக்கிறதோ அதெல்லாம் கடைச் செடி. எங்கே தேடியும் கிடைக்காமல் மிஞ்சுகிறது எதுவோ, அதுதான் அந்த அம்மா விதை போட்டது என்று என் கணக்கு, சரிதானா என்று நீ சொல். சீக்கிரம் பார் தாயி, இது குளிரில் இலையை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் தூங்குகிற சாதி, இப்போதே ஓரம் பழுக்கிறது, இன்னும் பத்து நாளில் வெறும் மண்தான் மிஞ்சும். மேடம் வருவது பதினெட்டாம் தேதி. பதிலைச் சேகு முகம்மதுவின் ஈமெயிலுக்கு அனுப்பு, கவர் மேல் எழுதியிருக்கிறது.

உன் பதில் வந்தாலும் வராவிட்டாலும் வருகிற புதன் போனை நானே வாங்கிப் பேசப்போகிறேன். மேடம், ஐ வாஷ், நேம் ஆல் கோ, மை மிஸ்டேக். குளிக்கும்போது சொல்லிப் பழகுகிறேன், பாலகுரு எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நினைக்கிறான். அப்புறம் அனுப்பினால் அனுப்பட்டும், ஊரில் வந்து மண்வெட்டி பிடிக்கத் தெரியாதவனா நான். நீ அதை நினைத்துப் படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. பரீட்சை நேரம், மோர் குடி, மொபெட்டில் வேகமாகப் போகாதே. நீ நினைத்ததெல்லாம் நடந்து நீடூழி வாழ அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. மிஞ்சுகிறது இரண்டு, மூன்று என்று வந்தால் அப்படியே எழுது, தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுது. அப்பா வேலை போய்விடுமே என்று இரக்கப்பட்டு ஏதாவது ஒரு நம்பரைக் காட்டி இதுதான் என்று எழுதிவிடாதே. நீ எழுதினால் நான் நம்புவேன், நான் காட்டினால் அவர்கள் நம்புவார்கள், அந்தப் பெண் காலமெல்லாம் தன் அம்மா கொடுத்தது என்று வேறு எதற்கோ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பெ. கார்மேகம்