மோட்டாருக்குக் கட்டம் இல்லை

அக்டோபர் 14, செவ்வாய்.

சாலையை நனைத்து, டயருக்கு எவ்வளவு பிடிமானம் இருக்கிறது என்று அளப்பது என் வேலை. இந்த ஆண்டு அளந்ததிலேயே மோசமான இடம் மலேசியாவில் பத்து காஜா ஊர்ப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாலை வளைவு. கற்கள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. இன்று புதுத் தார் போடும் பட்டியல் வந்தது. அந்த வளைவு அதில் இல்லை.

மேற்பார்வையாளர் குமார் அண்ணனிடம் கேட்டேன்.

"பிடிமானம் மட்டும் பாத்தா போதுமா? எத்தன வண்டி போவுதுன்னும் பாக்கணும்லா. அங்க நாலு லோரிதான்."

"மோட்டார் சைக்கிள்ல எவ்ளோ பேரு போறாங்க அண்ணே!"

"மோட்டார் கணக்குல சேராதுன்னு ஒனக்குத் தெரியாதா? நீதானே அங்க உக்காந்து எண்ணுன!"

நான்தான். போன மாதம் அந்த வளைவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தோட்டத்தில் எத்தனை பேரிடம் கார் இருக்கிறது? ஷிப்டுக்குப் போகிற எல்லாரும் மோட்டாரில்தான் போனார்கள். தங்கச்சியும் கையாட்டிவிட்டுப் போனாள். படிவத்தில் மோட்டாருக்குக் கட்டமே இல்லை. ஓரத்திலாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. நாளை தங்கச்சிக்குக் காலை ஷிப்டு. பஸ்ஸில் போகச் சொன்னேன்.

"அண்ணே, நம்ம தோட்டத்துக்கு எப்ப பஸ் வந்துச்சி?" என்று சிரிக்கிறாள்.