வந்த வழக்கை மறுக்காதவன்

கார்ஸ்டல், லங்காஷயர்
அக்டோபர் 17, சனிக்கிழமை

அன்புள்ள மோனிக்கா,

முழங்கால் வலியைத் தவிர எனக்குக் கடவுள் ஒரு குறையும் வைக்கவில்லை. நீயும் ராபினும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். வெலிங்டனில் வசந்தம் வந்துவிட்டது என்று கம்பளி உடைகளை அவசரப்பட்டு மூட்டை கட்டிவிடாதே.

உன் அண்ணன் தேர்தலில் தோற்றுவிட்டான். தந்தி கொடுத்திருக்கலாம், ஆனால் தந்தியில் இந்தச் செய்தி பாதிதான் வந்து சேரும். பார்லிமெண்டுக்குப் போக வேண்டும் என்று ஆஸ்டின் எத்தனை காலமாக ஆசைப்பட்டான் என்பது உனக்குத் தெரியும், இந்த முறை ஊரும் அவன் பக்கம்தான் இருந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவும் எடித் அம்மாளை வசந்த காலத்தில் ஒரு பஸ் மோதிக் கொன்றதே, எழுதியிருந்தேன். டிரைவர் குடித்திருந்தான் என்று ஊரே சாபமிட்டது. பிரசாரத்தின் நடுவில் அந்த டிரைவரின் வழக்கு ஆஸ்டினிடம் வந்தது. தேர்தல் வேலைகளைப் பார்க்கும் பட்டர்வொர்த் நம் சமையலறையில் நின்று கத்தினார்: "ஜுரம்னு சொல்லிப் படுத்துக்கய்யா! இதை எடுத்தா ஒரு ஓட்டு விழாது. நீங்களாவது புத்தி சொல்லுங்கம்மா!" பாரிஸ்டர் ஆளைப் பார்த்து வழக்கு எடுப்பதில்லை, கை காலியாக இருந்தால் வந்ததை எடுத்தாக வேண்டும், இவன் அப்பா கடைசிவரை அப்படித்தான் இருந்தார் என்று நான் சொன்னேன். ஆஸ்டின் தேநீரைக் குடித்துக்கொண்டே, "ஜுரம் வந்தா சொல்றேன் பட்டர்வொர்த், இப்போ நல்லாத்தான் இருக்கேன்" என்றான்.

டிரைவர் குடிக்கவில்லை. பிரேக் சரியில்லை என்று அவன் பலமுறை சொல்லியும் பஸ் கம்பெனி கவனிக்கவில்லை. ஆஸ்டின் கம்பெனி மெக்கானிக்கைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி, குரலை உயர்த்தாமலே அதை வெளியே கொண்டுவந்தான். டிரைவர் விடுதலையானான். ஊர் மட்டும் மனம் மாறவில்லை, ஓட்டுக் கேட்கப் போன இடமெல்லாம் கதவைச் சாத்தினார்கள். எடித்தின் தங்கை, மீன் கடை மிஸஸ் எண்ட்விசில், அவன் நீட்டிய துண்டுப் பிரசுரத்தில் மீனைச் சுற்றி அவனிடமே கொடுத்தாளாம். மீன் நன்றாகத்தான் இருந்தது.

நேற்று நகர மன்றத்தில் முடிவு சொன்னார்கள். அவன் நிமிர்ந்து நின்று எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தான். படிக்கட்டில் அந்த மிஸஸ் எண்ட்விசில் நின்றாள். இன்னும் என்ன பாக்கி வைத்திருக்கிறாளோ என்று நான் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள், "உனக்கு நான் ஓட்டுப் போடல தம்பி, இனியும் போடமாட்டேன். ஆனா எங்க அக்கா எதனால செத்தான்னு நீ கேட்ட கேள்வியிலதான் தெரிஞ்சுது. அந்த கம்பெனிக்காரனைக் கோர்ட்டுக்கு இழுக்கணும். நீ வருவியா?" என்றாள். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னான்: "நேரா என்கிட்ட வரக்கூடாதும்மா, வழக்கைத் தயார் பண்ணித் தர்ற ஒரு சொலிசிட்டர் மூலமா வாங்க. வந்தா என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது."

மோனிக்கா, தோற்ற மகனோடு வீட்டுக்கு நடக்கும்போது எந்தத் தாயாவது இப்படிக் கடவுளுக்கு நன்றி சொல்லியிருப்பாளா? உன் அப்பா பார்க்கவில்லையே என்ற ஒரு குறைதான்.

அண்ணனுக்கு ஆறுதல் எழுதாதே, அவனுக்கு அது பிடிக்காது. பாராட்டி எழுது. உன் போன கடிதத்தில் தேதி இல்லை, கன்னிமாடத்துப் பள்ளியில் உன்னையும் படிக்க வைத்தேன் என்பது நினைவிருக்கட்டும். மாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும். திங்கட்கிழமை அவன் கோர்ட்டுக்குப் போக வேண்டும், அவனுடைய வெள்ளைக் கழுத்துப் பட்டைகளுக்குக் கஞ்சி போட நான் எழுந்து போகிறேன்.

என்றும் உன் அன்புள்ள அம்மா,
விநிஃப்ரெட்